பிள்ளையின் கால் நிற்பது யார் பொறுப்பு?

உழவர்கரையிலே மருத்துவத்துக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. கோரிமேட்டிலே ஜிப்மர் இருக்கிறது. 1964 முதல் எங்கெங்கிருந்தோ மக்கள் ரயிலேறி, பஸ்ஸேறி அதன் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கதிர்காமத்திலே இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியிலே ராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3 லட்சம் மக்கள் கொண்ட ஒரு நகராட்சிக்கு இத்தனையும் வாய்த்திருக்கின்றன. பெருமைதான். மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, ஆறு மாதமாகியும் தலை நிற்காத பிள்ளை ஒன்று, தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு தொழிலாளி வீட்டிலே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு இத்தனை பெரிய கட்டடங்களும் சேர்ந்து செய்யக்கூடியது என்ன? நோய் இன்னதென்று கண்டுசொல்லலாம். மருந்து எழுதலாம். தேவையானால் கத்தி வைக்கலாம். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகுதான் உண்மையான வைத்தியமே தொடங்குகிறது. அது நடக்கவேண்டிய இடம் ஆஸ்பத்திரி வார்டு அல்ல, அந்த வீட்டுத் திண்ணை!

பிசியோதெரபி என்று பலகையில் எழுதியிருக்கிறார்களே, தமிழில் இயன்முறை மருத்துவம் என்கிறோமே, அதைப் பற்றித்தான் பேசுகிறோம். அதிலும், கைக்குழந்தை முதல் மீசை அரும்பும் பருவம் வரை உள்ள பிள்ளைகளுக்கான இயன்முறை மருத்துவத்தைப் பற்றி. ஊசி போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வைத்தியம் அல்ல இது. நெசவாளி ஒரு நாள் தறி ஓட்டிவிட்டு ஒரு மாதம் வீட்டில் இருந்தால் துணி எங்கிருந்து வரும்? அதுபோலத்தான். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணி நேரம் பயிற்சி செய்தால் பிள்ளை நடந்துவிடாது. தினமும் செய்யவேண்டும். பல மாதம், சிலருக்குப் பல ஆண்டு. அந்தத் தினசரி வேலைக்கு இந்த நாட்டிலே யார் பொறுப்பு என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

எப்படி வந்தது இந்த மருத்துவம் என்று சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1952-ல் பம்பாய் நகரத்தை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால் சூம்பிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. 1953-ல் அங்கே கே.இ.எம். மருத்துவமனையிலே இயன்முறை மருத்துவப் பள்ளி தோன்றியது. நம் பக்கத்து வேலூரிலே மேரி வர்கீஸ் என்ற டாக்டர், 1954-ல் ஏற்பட்ட வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்றுவந்து, முடங்கியவர்களை எழுப்பும் துறையை வேலூரில் நிறுவினார். துன்பம் வந்த இடத்திலிருந்தே இந்த மருத்துவம் பிறந்திருக்கிறது.

இளம்பிள்ளை வாதத்தை நாடு வென்றது. 1995-ல் தொடங்கிய சொட்டு மருந்து முகாம்களுக்குத் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கிவந்த தொண்டர்கள் எத்தனை பேர்! இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச் 27-ல் இந்தியாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. மகத்தான வெற்றி!

அந்த வெற்றியோடு ஒரு தவறான எண்ணமும் வந்து சேர்ந்துவிட்டது. போலியோ போயிற்று, இனிக் கைகால் விளங்காத பிள்ளை ஏது என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை அப்படி இல்லை. ஏழாம் மாதத்தில், எட்டாம் மாதத்தில் பிறக்கும் பிள்ளைகள் முன்பெல்லாம் பிழைப்பது அரிது. இன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பிறந்தவுடன் அழாத பிள்ளையையும் மூச்சு கொடுத்து மீட்கிறார்கள். மஞ்சட்காமாலை முற்றிய பிள்ளையையும் பிழைக்க வைக்கிறார்கள். மருத்துவத்தின் சாதனைதான். ஆனால் இப்படி மீண்ட பிள்ளைகளில் சிலருக்கு மூளையில் சேதம் நின்றுவிடுகிறது. கைகால் விறைக்கிறது, அல்லது துவள்கிறது. மூளை முடக்குவாதம் என்பது இதுதான். உலகெங்கும் ஆயிரம் பிறப்புக்கு இரண்டு மூன்று என்ற அளவில் இது இருக்கிறது. உயிரைக் காப்பாற்றியதோடு கடமை முடிந்துவிட்டதா? காப்பாற்றிய உயிர் உட்காரவேண்டாமா? தன் கையால் ஒரு கவளம் எடுத்து உண்ணவேண்டாமா?

இதிலே காலம்தான் பெரிய செல்வம். பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை மிக வேகமாக வளர்கிறது. கெட்டுப்போன பாதைக்குப் பதில் வேறு பாதை போட்டுக்கொள்ளும் திறமை அப்போதுதான் அதற்கு அதிகம். அந்த நாட்களில் தொடங்கும் பயிற்சிக்கு இருக்கும் பலன், ஐந்து வயதில் தொடங்கும் பயிற்சிக்கு இருக்காது. ஆகையால் ஒவ்வொரு தகப்பனும் தாயும் சில கணக்குகளை மனத்தில் வைத்திருக்கவேண்டும். நான்கு மாதத்தில் தலை நிற்கவேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிப்பின்றி உட்காரவேண்டும். ஒன்றரை வயதில் நடக்கவேண்டும். ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரே கையைத்தான் நீட்டுகிறது, மறு கையை முடக்கி வைத்திருக்கிறது என்றால், 'கெட்டிக்காரப் பிள்ளை, சோற்றுக்கையை இப்போதே கண்டுகொண்டது' என்று மகிழக்கூடாது. மறு கை விளங்கவில்லையோ என்று ஐயப்படவேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? 'அவன் அப்பனும் இரண்டு வயதில்தான் நடந்தான்' என்பார் பாட்டி. 'கிரகணத்தில் பட்ட பிள்ளை' என்பார் அத்தை. 'முன்வினை' என்று தலையில் அடித்துக்கொள்வார் இன்னொருவர். பழி எல்லாம் பெற்றவள் தலையில்! பிள்ளை விடாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டுவதும், தலைகீழாகப் பிடித்து உதறுவதும் இன்னும் நிற்கவில்லை. கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையை உதறினால் மூளைக்குள் இரத்தம் கசியக்கூடும். இல்லாத ஊனம் புதிதாக வந்து சேரும். எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிடுங்கள், குற்றமில்லை. வேண்டுதல் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் வேண்டுதல் நிறைவேறட்டும் என்று ஓராண்டு காத்திருந்தால், போன அந்த ஓராண்டை எவராலும் திருப்பித் தர முடியாதே!

இந்த மருத்துவத்தில் என்னதான் செய்கிறார்கள்? கையையும் காலையும் பிடித்து இழுத்துவிடுவதுதானே என்று கேட்பார்கள். அதுமட்டுமே வைத்தியம் என்றிருந்த காலம் போய்விட்டது. பிள்ளையைப் படுக்கப்போட்டு நாம் அசைப்பதைவிட, பிள்ளை தானே அசைய முயல்வதுதான் பலன் தருகிறது என்பது இன்றைய அறிவு. கிலுகிலுப்பையைச் சற்று எட்ட வைத்து எடுக்கச் சொல்வது, விழித்திருக்கும்போது நம் கண்ணெதிரே குப்புறப் போட்டுத் தலை தூக்க வைப்பது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழ வைப்பது, ஒரு கை விளங்காத பிள்ளையாயின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு மற்றக் கையாலேயே விளையாட வைப்பது. எல்லாம் விளையாட்டுப் போலத்தான் தெரியும். எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு, எத்தனை முறை, எந்த நிலையில் என்று வகுப்பதிலேதான் படிப்பு இருக்கிறது. மூளையின் சேதத்தை இது அழித்துவிடும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் படுத்துக்கிடந்திருக்கவேண்டிய பிள்ளையை உட்கார வைக்கலாம். உட்கார்ந்தே இருந்திருக்கவேண்டிய பிள்ளையைக் கோல் ஊன்றி நடக்க வைக்கலாம். அந்த வித்தியாசம் ஒரு வாழ்க்கை அளவு பெரியது.

மூளை முடக்குவாதம் ஒன்றுதானா? வளைபாதத்தோடு பிறக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் பொன்செட்டி வகுத்த முறை இதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. வாரம் ஒருமுறை பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி மாவுக்கட்டுப் போடுகிறார்கள், ஐந்தாறு வாரம். பெரும்பாலோர்க்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. பிறகு கட்டைச் செருப்பு: முதல் மூன்று மாதம் பகலும் இரவும், அப்புறம் நான்கைந்து வயது வரை தூங்கும்போது மட்டும். பாதம் நேராகிவிட்டது என்று செருப்பைக் கழற்றிப் போட்ட வீட்டில் பாதம் மறுபடி வளைகிறது! கழுத்து ஒருபக்கம் சாய்ந்த குழந்தை, பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டுக் கை தொங்கும் குழந்தை, இவர்களில் பெரும்பாலோர் முதல் மாதங்களிலேயே கவனித்தால் தேறிவிடுகிறார்கள். ஐந்து வயதுப் பையன் தரையிலிருந்து எழும்போது தன் தொடையைத் தானே பிடித்து ஏறுகிறான் என்றால் அது சோம்பல் அல்ல, தசை நலிவு நோயாக இருக்கலாம். அவனை அடித்து ஓடவைப்பது ஆபத்து. அவனுக்கு எந்தப் பயிற்சி தகும், எது தகாது என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பயிற்சியை விட்டுவிடுகிற வீடுகளும் உண்டு. எட்டு வயதில் கோல் ஊன்றி நடந்த பிள்ளை பதினான்கு வயதில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது இப்படித்தான் நேர்கிறது. பருவ வயதில் எலும்பு மளமளவென்று நீள்கிறது, விறைத்த தசை அந்த வேகத்துக்கு நீள்வதில்லை, மூட்டு மடங்கிக்கொள்கிறது. அந்த வயதில் பயிற்சியைக் கூட்டவேண்டுமே தவிர, குறைக்கக்கூடாது.

இதற்கெல்லாம் திட்டமே இல்லையா? உண்டு. 2013-ல் மத்திய சர்க்கார் தேசிய குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும். அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை. குறை கண்ட பிள்ளையை மாவட்ட ஆரம்ப நிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே இயன்முறை மருத்துவரும் இருக்கவேண்டும். 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. மூளை முடக்குவாதமும் தசை நலிவும் அதன் 21 வகைகளில் பெயர் சொல்லி இடம்பெற்றன. 2021-ல் இயன்முறை மருத்துவர் உள்ளிட்டோரின் படிப்புக்கும் பதிவுக்கும் நாடு தழுவிய சட்டமும் வந்துவிட்டது. ஏட்டிலே குறை சொல்ல அதிகமில்லை.

குறை எங்கே? மையம் மாவட்டத்துக்கு ஒன்று. பிள்ளையோ தினமும் பயிற்சி செய்யவேண்டும்! சண்முகாபுரத்திலிருந்து, முத்திரையர்பாளையத்திலிருந்து ஒரு தாய் இடுப்பில் விறைத்த பிள்ளையோடு வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த இரண்டு நாள் கூலி போயிற்று. ஆட்டோ வாடகை போயிற்று. மூன்றாம் மாதம் முதலாளி, 'இனி வரவேண்டாம்' என்கிறான். நான்காம் மாதம் பயிற்சி நின்றுவிடுகிறது. வருகை நின்றுபோன பிள்ளையின் சீட்டு பழைய சீட்டுகளோடு கிடக்கும்; ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் வேண்டாமா? வைத்தியம் இலவசம்தான். ஆனால் வைத்தியத்துக்குப் போகிற நாள் இலவசமா?

சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் தாய்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறன் குழந்தையை வளர்க்கும் அரசு ஊழியரான தாய்க்கு அந்த விடுப்பை மறுப்பது தகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. வரவேற்கிறோம். ஆனால் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் தாய்க்கு? கட்டட வேலையில் கல் சுமக்கும் தாய்க்கு? அவள் பிள்ளையின் கால் மட்டும் தானாக நின்றுவிடுமா?

இந்த மண்ணின் கதையை நினைத்துப் பாருங்கள். 1936 ஜூலை 30-ல் புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. தொழிலாளியின் நாள் முழுவதும் முதலாளிக்குச் சொந்தமல்ல என்று இரத்தம் சிந்தி நிலைநாட்டிய ஊர் இது. அந்த ஊரிலே, விளங்காத பிள்ளையின் பயிற்சிக்காக வாரத்தில் ஓர் அரை நாள், கூலி குறையாமல் வேண்டும் என்று கேட்பது பெரிய காரியமா?

வீட்டு வாசலுக்கே பயிற்சி வருமா என்று ஐயப்படுவோர்க்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்ற ஊர். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். இராமகிருஷ்ணன். அவர் 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தில், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பெற்றோர்க்குப் பயிற்சியைக் கற்றுத் தருகிறார்கள். படித்த வல்லுநர்கள் அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். இது ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இயன்முறை மருத்துவர் வீடு தேடிப் போவதற்கு அதில் வழி செய்தார்கள். இது இரண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்தது, கோரிமேட்டுச் சாவடிக்கு இந்தப் பக்கம் முடியாதா? கைகால் பயிற்சியைப் பட்டப்படிப்பாகவே சொல்லித்தரும் அன்னை தெரசா நிலையம் கோரிமேட்டிலேயே இருக்கிறதே! படித்து வெளிவரும் பிள்ளைகளுக்கு வேலை, படுத்துக்கிடக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பது இதுவன்றோ!

ஆகையால் நாம் கேட்பவை இவை. ஒன்று: எடை குறைந்து, மூச்சுத் திணறி, காமாலை கண்டு தீவிர சிகிச்சையில் இருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்த பரிசோதனை நாள் குறித்துத் தரவேண்டும், அந்த நாளில் வராவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்கவேண்டும். இரண்டு: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் சில நாளாவது இயன்முறை மருத்துவர் இருக்கவேண்டும், ஒரு பாயும் ஒரு கம்பியும் உள்ள சிறு அறை போதும். மூன்று: பயிற்சிக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலிக்கு ஈடும் பயணச் செலவும் தரவேண்டும். நான்கு: பள்ளிக்கூடம் போகும் பருவப் பிள்ளைகளின் பயிற்சி, பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்க ஏற்பாடு வேண்டும்.

ஆலைகள் மூடிக்கிடக்கின்றன, வேலை இல்லை, விலைவாசி ஏறுகிறது, இந்த நேரத்தில் இதுவும் ஒரு பிரச்சினையா என்று கேட்கும் தோழர் உண்டு. அவருக்குச் சொல்வோம்: வேலை போன வீட்டில்தான் பயிற்சி முதலில் நிற்கிறது. பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் காரில் வருவார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நோய் ஒன்று, வறுமை ஒன்று; முதலாவது பாதி முடக்குகிறது, மீதியை இரண்டாவது முடக்குகிறது. இதைவிடத் தொழிலாளர் பிரச்சினை வேறு எது?

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. தேர்தல் வந்தால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று கிளைக் கழகத் தோழர் விரல்விட்டுச் சொல்கிறார். அந்தத் தெருவில் நடக்காத பிள்ளை எத்தனை என்று அவருக்குத் தெரியுமா? ஓட்டு இல்லாத காரணத்தால் அந்தப் பிள்ளை கணக்கில் வராமல் போகலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தெருவைச் சுற்றி வாருங்கள். தலை நிற்காத, உட்காராத, நடக்காத பிள்ளைகள் இருக்கும் வீடுகளைக் கண்டறிந்து, பெற்றோர் சம்மதித்தால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதித் தாருங்கள். மாலையில் பூட்டிக்கிடக்கும் படிப்பகத்தைப் பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள். ஊர் பார்த்தால் வெட்கம் என்று உள்ளறையில் வைத்திருக்கும் பிள்ளையைத் தெருவுக்குக் கொண்டுவரும் துணிவைப் பெற்றோர்க்குக் கொடுங்கள்.

கடைசியாக, ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். பயிற்சி என்றால் அது தாயின் வேலை என்று எண்ணி, வேலை முடிந்து டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டிருக்கும் தகப்பன்மார் நம்மில் பலர். பகலெல்லாம் உழைத்த உங்கள் கைக்கு ஓய்வு வேண்டும், உண்மை. அவளும் பகலெல்லாம் உழைத்தவள்தான். சுமை தூக்கிப் பழகிய கை, இயந்திரம் ஓட்டிப் பழகிய கை, பிள்ளையைப் பிடித்து நிறுத்தத் தெரியாத கையா? மருத்துவர் காட்டித்தந்த பயிற்சியை மாலையில் அரை மணி நேரம் நீங்கள் செய்யுங்கள். இன்றைக்கே தொடங்குங்கள். சர்க்கார் செய்யவேண்டியதைப் போராடி வாங்குவோம். நாம் செய்யவேண்டியதை நாளைக்கு என்று தள்ளாதிருப்போம். பிள்ளையின் வளர்ச்சி நாளைக்கு என்று காத்திருப்பதில்லை.